கலுங்கில் வலை கட்டினால் விலாங்கு எந்த வழியில் கடலுக்குப் போகும்?

கேள்வி: சிவகங்கைச் சீமை, திருப்பத்தூர் பக்கத்து வாசகர், 5 மே 2024

எங்கள் ஊர்க் கண்மாயில் சென்ற வாரம் மீன்பிடித் திருவிழா. ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் எல்லாரும் இறங்கினோம். என் ஊத்தாவுக்குள் (மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் கூடை) மணிக்கட்டுப் பருமனில் பாம்பு போல ஒன்று சுழன்றது. பக்கத்தில் நின்ற பெரியப்பா விலாங்கு என்றார். அன்று மதியமே குழம்பு வைத்துவிட்டோம். இப்போது என் மகள், அது பாதுகாக்கப்பட்ட உயிரினம், பிடித்ததே குற்றம் என்கிறாள். உண்மையா டீச்சர்? அடுத்த ஆண்டும் மாட்டினால் என்ன செய்வது?

5 மே 2024, இரவு

குற்றம் இல்லை. மகளிடம் சொல்லுங்கள், ஆனால் அவள் கேள்வியை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

அவள் படித்தது ஐரோப்பிய விலாங்கைப் பற்றியதாக இருக்கும். அந்த இனம் 2009 மார்ச் முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அனுமதிச் சீட்டு இல்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுபோக முடியாது. 2010 இறுதியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் தன் எல்லைக்கு வெளியே விற்பதையே நிறுத்திவிட்டது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை 'மிக அருகிய இனம்' என்று வைத்திருக்கிறது. காட்டில் அற்றுப்போவதற்கு முந்தைய படி அது.

நம் கண்மாய்க்கு வரும் விலாங்கு வேறு. தமிழகத்து நன்னீரில் இரண்டு இனங்கள் உண்டு. உடம்பெல்லாம் மஞ்சளும் பழுப்புமாகப் புள்ளி விழுந்தது ஆங்குயில்லா பெங்காலென்சிஸ். முதுகு கறுத்து வயிறு வெளுத்து, புள்ளியில்லாமல் இருப்பது ஆங்குயில்லா பைகலர். இரண்டையும் அதே பன்னாட்டு ஒன்றியம் 'அச்சுறுத்தலை நெருங்கியவை' என்கிறது. அது ஒரு நிலைமைக் குறிப்பு மட்டும், சட்டமில்லை. உங்கள் குழம்புக்காக யாரும் வழக்குப் போட முடியாது.

அடுத்த ஆண்டு என்ன செய்வது என்பதற்கு ஒரு வரியில் பதில் கிடையாது. எழுதுகிறேன்.

6 மே 2024

அது விலாங்குதானா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். கண்மாயில் பாம்பு போல நெளியும் எல்லாவற்றையும் விலாங்கு என்று சொல்லும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. பார்க்க வேண்டியவை இவை: தலைக்குப் பின்னால் இரு பக்கமும் சிறிய துடுப்பு இருக்கும். முதுகுத் துடுப்பும் வாலும் அடித் துடுப்பும் ஒரே நாடாவாகச் சேர்ந்திருக்கும். கையில் பிடித்தால் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

முதுகில் தனித்தனி முள் வரிசையும் கூரான மூக்கும் இருந்தால் ஆரல். பக்கத் துடுப்பே இல்லாமல் சேற்றில் கிடப்பது வேறு குடும்பம், அது கடலுக்குப் போவதில்லை. நாக்கை நீட்டினால் தண்ணீர்ப் பாம்பு, விட்டுவிடுங்கள், அதற்கு விஷமில்லை.

புள்ளி அழிந்து இனம் தெரியாவிட்டால் முதுகுத் துடுப்பு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். மலவாய்க்கு ஏறக்குறைய நேர் மேலே என்றால் பைகலர். அதற்கு வெகு முன்னால், தலைப் பக்கமாக என்றால் பெங்காலென்சிஸ். படம் எடுப்பவர்கள் பக்கவாட்டில் எடுங்கள். கையில் தூக்கிப் பிடித்த படத்தில் துடுப்பு தெரிவதில்லை.

9 மே 2024

கேள்வி கேட்டவரின் கண்மாய்க்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நேர்கோட்டில் போனாலே அறுபது, எழுபது கிலோமீட்டருக்குக் குறையாது. அந்த விலாங்கு கண்மாயில் பிறந்ததில்லை. எந்தக் கண்மாயிலும் எந்த விலாங்கும் பிறந்ததில்லை. ஆங்குயில்லா என்ற விலாங்குப் பேரினம் அத்தனையும் முட்டையிடுவது கடலில், பெரும்பாலும் கரையை விட்டு வெகு தூரத்தில் ஆழ்கடலில்.

டென்மார்க்கின் டானா ஆய்வுக் கப்பல் 1928 முதல் 1930 வரை உலகைச் சுற்றியபோது, சுமத்ராவுக்கு மேற்கே இந்தியப் பெருங்கடலில் விலாங்கின் இளம் உயிரிகளை வலையில் எடுத்தது. வேப்பிலை மாதிரித் தட்டையாக, கண்ணாடி போல ஊடுருவித் தெரிபவை அவை. நீரோட்டத்தில் மிதந்து கரைக்கு அருகே வரும்போது உருமாறி, ஊசி போல மெலிந்த கண்ணாடிக் குஞ்சாகின்றன. முகத்துவாரத்தில் நன்னீரின் வாடை பட்டதும் நிறம் ஏறி, ஆற்றை எதிர்த்து ஏறத் தொடங்குகின்றன.

நம் சீமையின் தேனாறு, மணிமுத்தாறு, விருசுழியாறு எல்லாம் மழைக்காலத்தில் மட்டும் ஓடுபவை. (மணிமுத்தாறு என்றதும் நெல்லை அணையை நினைக்க வேண்டாம். இது சிவகங்கைச் சீமையின் சிற்றாறு.) அவை கிழக்கே சாய்ந்து பாக் நீரிணைப் பக்கம் போகின்றன. குஞ்சுக்குக் கிடைப்பது ஐப்பசி முதல் மார்கழி வரையான அந்தச் சில வாரங்கள்தான். அதற்குள் ஆற்றிலிருந்து ஓடை, ஓடையிலிருந்து கீழ்க் கண்மாயின் கலுங்கு (மிகைநீர் வழிந்தோடும் வாசல்), அதைத் தாண்டி அதன் வரத்துக்கால் (கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய்), அதன் மேலே அடுத்த கண்மாயின் கலுங்கு என்று ஏற வேண்டும். ஈரமான சுவரில் குஞ்சு ஒட்டிக்கொண்டு ஏறும். வளர்ந்தது பனி விழுந்த புல்லில் இரவில் ஊர்ந்தும் போகும். தோலாலும் மூச்சு வாங்கும். ஆனால் ஈரம் வேண்டும். ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்து கீழ்க் கண்மாய்க்குப் போகும் அந்தத் தொடர் ஈரம் அறுந்தால் அதற்கு மேலே விலாங்கு கிடையாது.

அப்படி உங்கள் ஊர் வரை ஒன்று ஏறி வந்திருக்கிறது. வந்து பல ஆண்டுகள் இருந்து மணிக்கட்டுப் பருமன் ஆகியிருக்கிறது. மகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

10 மே 2024

அழகப்பா பல்கலைக்கழக மாணவர் ஒருவர், "விலாங்கு சேற்றிலிருந்து தானாக உண்டாகும் என்று என் ஐயா சொல்வார், அதை எப்படி மறுப்பது" என்று கேட்கிறார். ஐயாவைக் குறைவாக நினைக்காதீர்கள் தம்பி. அரிஸ்டாட்டிலும் அதையேதான் சொன்னார். எத்தனை விலாங்கை அறுத்தாலும் உள்ளே முட்டை இல்லை, விந்துப் பையும் இல்லை, பின் என்ன நினைப்பது? மனோதத்துவத்தின் சிக்மண்ட் பிராய்டு 1876-ல் மாணவராக இருந்தபோது திரியெஸ்தே துறைமுகத்தில் சுமார் 400 விலாங்குகளை அறுத்து ஆணுறுப்பைத் தேடினார். உறுதியாக எதையும் சொல்ல முடியாமலே திரும்பினார். கடலுக்குப் புறப்படும்போதுதான் அந்த உறுப்புகள் வளரத் தொடங்குகின்றன. நன்னீரில் இருக்கும் மீனில் பார்த்தால் எப்படித் தெரியும்?

யோகானஸ் ஷ்மிட் என்ற டென்மார்க்காரர் கடலில் ஆண்டுக்கணக்காகத் தேடி, ஐரோப்பிய விலாங்கு அட்லாண்டிக்கின் சர்காசோ கடலில் பிறக்கிறது என்று 1920-களின் தொடக்கத்தில் எழுதினார். ஜப்பானிய விலாங்கின் முட்டை மரியானா தீவுகளுக்கு மேற்கே 2009-ல்தான் முதன்முதலாகக் கடலிலிருந்து எடுக்கப்பட்டது. உங்கள் ஐயா சேற்றைச் சொன்னதில் பிழை காண எனக்கு மனம் வரவில்லை.

19 மே 2024

பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: "மீன்பிடித் திருவிழாதான் எல்லா மீனையும் அழிக்கிறது. தடை செய்ய வேண்டும்."

நான் உடன்படவில்லை ஆச்சி. திருவிழா நடப்பது கோடையில், கண்மாய் வற்றி உள்வாயில் (தண்ணீர் நிற்கும் உட்பகுதி) முழங்கால் தண்ணீர் நிற்கும்போது. அந்தத் தண்ணீரும் சில நாளில் போய்விடும். அப்போது ஊத்தாவில் விழாத மீனைக் கொக்கு தின்னும், மிஞ்சியது காய்ந்து கிடக்கும். அதோடு, ஊரே இறங்கி ஒரு நீர்நிலையைக் கையால் தொட்டுப் பார்க்கும் நாள் அது ஒன்றுதான். கண்மாய் நம்முடையது என்ற எண்ணம் இன்னும் உயிரோடு இருப்பதற்கு அந்த நாளும் காரணம். அதைத் தடை செய்தால் கண்மாயைப் பற்றிக் கவலைப்பட ஆள் குறைவார்கள்.

விலாங்கு ஏன் குறைகிறது என்று ஐரோப்பாவைப் பார்த்தால் புரியும். அங்கே 1980-களின் தொடக்கத்திலிருந்து கரைக்கு வரும் கண்ணாடிக் குஞ்சுகள் சரிந்தன. 1960–79 காலத்துச் சராசரியை நூறு என்று வைத்தால், வடகடல் பகுதியில் இப்போது வருவது இரண்டுக்கும் கீழே. மற்ற இடங்களில் பத்தை ஒட்டி நிற்கிறது. காரணங்கள் பல. குஞ்சைப் பிடித்து விற்கிறார்கள், ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 3,000 குஞ்சுகள் நிற்கும். பண்ணை விலாங்கு என்று உலகில் விற்பதும் பெரும்பாலும் கடலில் பிடித்த குஞ்சை வளர்த்ததுதான். அத்தோடு மாசு, ஒட்டுண்ணி, நீர்மின் சுழலிகள். எல்லாவற்றையும் விட, ஆறுகளில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட தடுப்புகள் இருப்பதாக 2020-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வு சொல்கிறது. அணை மட்டும் இல்லை, சிறு மதகு, சிறு குழாய்ப் பாலம் எல்லாம் சேர்த்து.

ஐரோப்பிய ஒன்றியம் 2007-ல் கொண்டுவந்த விலாங்கு விதியில் எனக்குப் பிடித்தது ஒன்று. மனிதத் தலையீடே இல்லாதிருந்தால் கடலுக்குப் போயிருக்கக்கூடிய முதிர்ந்த விலாங்கின் எடையில் 40 சதவீதமாவது தப்பிப் போக வேண்டும் என்பது அதன் இலக்கு. எத்தனை பிடிபட்டது என்று எண்ணுவதோடு நிற்காமல், எத்தனை கடல் போய்ச் சேர்ந்தது என்று அது கேட்கிறது. நம் கண்மாய்களுக்கு அந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதாக நான் பார்த்ததில்லை.

20 மே 2024

தைல மரம் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டவருக்கு: எழுத வேண்டியதுதான். மேட்டு நிலத்தில் தைல மரம் நட வரப்பு வெட்டி மழைநீரை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். வரத்துக்காலுக்குத் தண்ணீர் வருவதில்லை. கண்மாய் பாதி நிறைந்து நிற்கிறது. பாதி நிறைந்த கண்மாய் மறுகால் பாயாது. பயிருக்கு ஓரளவு போதும், விலாங்குக்கு அது பூட்டிய வீடு. உள்வாய்க்குள் சீமைக் கருவேலம் செய்வதும் இதன் தம்பி வேலைதான்.

2 ஜூன் 2024

கானாடுகாத்தானிலிருந்து ஒருவர் நல்ல யோசனை சொல்கிறார்: திருவிழாவில் கிடைக்கும் விலாங்கை வற்றாத ஊருணியில் விட்டால் என்ன? செம்பூறாங்கல் படிக்கட்டு, சுற்றுச் சுவர், காவல் எல்லாம் உள்ள ஊருணிகள் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றனவே என்கிறார்.

என் அப்பத்தா வீட்டுக் கிணற்றில் ஒரு விலாங்கு இருந்தது. பூச்சி தின்று தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று யாரோ விட்டது. பகலில் கல் இடுக்குக்குள் இருக்கும். வாளி இறங்கும் சத்தம் கேட்டால் தலை மட்டும் தெரியும். சின்னப் பிள்ளைகளை அப்பத்தா கிணற்றுப் பக்கம் விடாமல் இருக்க அதன் பெயரைச் சொல்லியே மிரட்டுவாள். அந்தக் கிணறு தூர்ந்துபோகும் வரை அது அங்கேயே இருந்தது. எனக்கு அப்போது அதைப் பார்ப்பதில் மகிழ்ச்சி மட்டும்தான். விலங்கியல் படித்த பிறகு அந்த நினைவே பாரமாகிவிட்டது.

சுவீடனில் பிரான்டெவிக் என்ற கடலோரச் சிற்றூரில் ஒரு கிணற்று விலாங்கு இருந்தது. 1859-ல் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் அதைக் கிணற்றில் போட்டான் என்றும், 2014-ல்தான் இறந்தது என்றும் சொல்கிறார்கள். 155 ஆண்டுகள். கடலுக்குப் போக வழியில்லாவிட்டால் விலாங்கு முதிர்வதைத் தள்ளிப்போட்டுக்கொண்டு காத்திருக்கும். முட்டையிட்டால்தான் அதன் வாழ்வு நிறைவாகும், அதற்குக் கடல் வேண்டும்.

ஆகவே ஊருணியில் விட்டால் அந்த மீன் சாகாது, அதன் இனம் ஒரு முட்டைகூடப் பெறாது. குழம்பாவதை விட நல்லது என்பீர்கள், சரி. ஆனால் ஊருணியில் விட்டதோடு கடமை முடிந்தது என்று போய்விடாதீர்கள். பெரிய மழையில் அந்த ஊருணி நிறைந்து வழிந்து எங்கே போகிறது என்று பாருங்கள். பல ஊருணிகளின் போக்குக்கால் மேல் இன்று கடைகளும் வீடுகளும் நிற்கின்றன.

16 ஜூன் 2024

இதுவரை யாரும் கேட்காததை நானே எழுதுகிறேன். என் மனத்தில் இந்த இழை முழுவதும் இதற்காகத்தான்.

மீன்பாசி ஏலம் (கண்மாயில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமை) எடுத்தவர்கள் கண்மாயில் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு விடுகிறார்கள். பணம் போட்டு விட்ட மீன் மறுகால் தண்ணீரோடு போய்விடக் கூடாது என்று கலுங்கில் வலை கட்டுகிறார்கள். சில இடங்களில் இரும்புச் சல்லடையே அடித்திருக்கிறார்கள். பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். அதில் தவறாக எதுவும் யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கும் வெகுகாலம் அது கண்ணில் படாத காட்சியாகவே இருந்தது.

முதிர்ந்த விலாங்கு எப்போது கடலுக்குப் புறப்படும்? நிலவு இல்லாத இரவில், மழை கொட்டி வெள்ளம் போகும்போது. அதற்குள் அதன் கண் பெரிதாகியிருக்கும், வயிறு வெளுத்து வெள்ளிபோல் ஆகியிருக்கும், இரை எடுப்பதை நிறுத்தியிருக்கும். குடல் சுருங்கிவிடும். சேர்த்து வைத்த கொழுப்பை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீந்தப் போகிறது. அப்படிக் கிளம்பும் ராத்திரியில் கண்மாயிலிருந்து வெளியேற இருக்கும் ஒரே வாசல் கலுங்கு. அங்கே வலை.

வலையில் முட்டிக்கொண்டு நிற்கும் விலாங்கைக் காலையில் எடுத்து விற்கிறார்கள், அல்லது அது மறுபடி உள்வாய்க்குப் போகிறது. அடுத்த ஆண்டு மறுகால் பாய்ந்தால் மறுபடி முட்டும். பாயாவிட்டால் கோடையில் ஊத்தாவில் விழும். கேள்வி கேட்டவரின் ஊத்தாவுக்குள் சுழன்றது அப்படி முட்டித் திரும்பிய ஒன்றாகக்கூட இருந்திருக்கலாம்.

அணை கட்டி ஆற்றை மறித்தால் செய்தித்தாளில் வரும். ஒரு கலுங்கில் பத்து அடி வலை கட்டினால் யார் எழுதுவார்கள்? தமிழகத்தில் சுமார் 39,000 கண்மாய்கள், ஏரிகள். எத்தனை கலுங்குகள் என்று நினைத்துப் பாருங்கள்.

17 ஜூன் 2024

எதிர்பார்த்தேன். கல்லல் பக்கத்தில் ஏலம் எடுத்திருக்கும் அண்ணன் ஒருவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "டீச்சர், ஏலத்தொகை கட்டி, குஞ்சு வாங்கிவிட்டு, தீவனம் போட்டு, கடைசியில் ஒரு மழையில் எல்லாம் வழிந்தோடிப் போனால் என் கடனை விலாங்கா கட்டும்?"

நியாயமான கேள்வி அண்ணே. உங்களைக் குற்றவாளியாக்க நான் எழுதவில்லை. வலையே கூடாது என்று சொன்னால் நாளைக்கு ஏலம் எடுக்க யாரும் வரமாட்டார்கள், ஊருக்கு வரும் வருமானமும் நின்றுபோகும். அது தெரிந்தே எழுதுகிறேன்.

இதற்கு உலகில் ஒரு வழி இருக்கிறது. அயர்லாந்தின் ஷானன் ஆற்றில் நீர்மின் நிலையம் மறிக்கும் விலாங்கைப் பிடித்து, வண்டியில் ஏற்றி, அணைக்குக் கீழே கொண்டுபோய் விடுகிறார்கள். சுவீடனிலும் அப்படிச் செய்கிறார்கள். வலையை எடுக்காமலே வலையில் முட்டும் விலாங்கை மட்டும் எடுத்துக் கீழே விடலாம். ஈரச் சாக்கில் சுற்றி, நிழலில் வைத்தால் பல மணி நேரம் தாங்கும். தேவகோட்டையிலிருந்து தொண்டிக்கு பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். உங்கள் கட்லாவில் ஒன்றுகூடக் குறையாது. நீங்கள் விலாங்கை விற்று வாங்கும் காசை நாங்கள் நாலு பேர் சேர்ந்து கொடுக்கிறோம்.

18 ஜூன் 2024

அண்ணன் பதில்: "யோசிக்கிறேன்." எனக்கு இது போதும்.

30 ஜூன் 2024

வெளியூரிலிருந்து விலாங்குக் குஞ்சு வாங்கி வந்து கண்மாய்களில் விட்டால் எண்ணிக்கை கூடுமே என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். 1980-களில் ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு உயிர் விலாங்கைக் கொண்டுபோனவர்கள் கூடவே ஒரு புழுவையும் கொண்டுபோனார்கள். ஜப்பானிய விலாங்கின் காற்றுப்பையில் பெரிய தொல்லையில்லாமல் வாழும் அந்த ஒட்டுண்ணி, அதைப் பழகாத ஐரோப்பிய விலாங்கின் காற்றுப்பையைக் கெடுத்தது. காற்றுப்பை கெட்ட மீன் ஆழ்கடலில் எப்படி நெடுந்தூரம் நீந்தும்?

தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் கொண்டுவந்து நம் குட்டைகளில் விட்டவர்களும் நல்லது நினைத்தோ காசு நினைத்தோதான் விட்டார்கள். அது இப்போது கண்டதையெல்லாம் தின்கிறது. வாசலைத் திறந்து வைத்தால் விலாங்கு தானாக வரும். கொண்டுவர வேண்டியதில்லை.

28 ஜூலை 2024

ஆடிக் காற்றில் வரத்துக்கால் ஒன்றைக் கால்நடையாகப் பார்த்து வந்தோம். நானும், அந்தப் பல்கலைக்கழக மாணவரும், நீர்ப்பாய்ச்சுதலில் பழகிய பெரியவர் ஒருவரும். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை, யாரையும் குறை சொல்லும் நோக்கம் இல்லை.

மேல் கண்மாயின் கலுங்கு பழைய கல் கட்டு. கல் பாளங்களைப் படிப்படியாக அடுக்கி, தண்ணீர் தவழ்ந்து இறங்குவது போல விட்டிருக்கிறார்கள். இடுக்கெல்லாம் பாசி. குஞ்சு ஏறுவதற்கு இதைவிட நல்ல இடம் எந்தப் பொறியாளரும் செய்து தரமாட்டார். பக்கத்துக் கண்மாயின் கலுங்கைச் சில ஆண்டுகளுக்கு முன் புதுப்பித்திருக்கிறார்கள். செங்குத்தான கான்கிரீட் சுவர், வழவழப்பாகப் பூசியிருக்கிறார்கள், கீழே விழும் தண்ணீர் தரையை அரித்து இரண்டடி பள்ளம். தண்ணீர் சுவரை ஒட்டாமல் எகிறி விழும்போது ஏறுவதற்கு ஈரப்பரப்பே இல்லை.

இரண்டுக்கும் நடுவே சாலை. சாலைக்கு அடியில் சிமென்ட் குழாய். குழாயின் வாய் ஓடையின் தரையை விட முழங்கால் உயரத்தில் தொங்குகிறது. அந்தக் குழாயைப் பார்த்ததும் பெரியவர் சொன்னது: "தண்ணி எறங்கிப் போகுது, மீன் ஏறிப் போறதை எவன் நெனச்சான்." அதற்கு மேல் எங்கள் மூவருக்கும் பேச எதுவும் இல்லை.

தூர்வாருவது பற்றி ஒரு சேர்க்கை. 2017-ல் குடிமராமத்து (ஊரார் பங்கோடு கண்மாயைச் சீரமைக்கும் பணி) மறுபடி தொடங்கியதிலிருந்து பல கண்மாய்களில் மண் எடுத்திருக்கிறார்கள். உள்வாயில் ஆழமான பள்ளம் இருந்தால் கோடையிலும் கொஞ்சம் தண்ணீர் தங்கும், விலாங்கு பிழைக்கும். அதனால் தூர்வாரலை நான் எதிர்க்கவில்லை. கரையோரக் கல்லையும் வேரையும் வழித்துவிட்டுச் சரிவெல்லாம் சிமென்ட் பூசுவதைத்தான் எதிர்க்கிறேன். பகலில் ஒளிந்துகொள்ள இடுக்கு இல்லாத நீரில் விலாங்கு தங்காது.

11 ஆகஸ்ட் 2024

தொங்கும் குழாய்க்கு என்ன செய்யலாம் என்று மாணவர் தேடிப் பார்த்துவிட்டு வந்தார். நியூசிலாந்தில் சிப்பி வளர்ப்புக்குப் பயன்படும் சடைபிடித்த கயிற்றைக் குழாய்க்குள் ஓட விட்டு, கீழே ஓடை வரை தொங்கவிடுகிறார்கள். குஞ்சு அந்தச் சடையைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. ஐரோப்பாவில் தூரிகை போன்ற முட்கள் பதித்த சாய்பலகை வைக்கிறார்கள்.

நம்மிடம் தென்னை நார்க் கயிறு இருக்கிறது. பிரித்து விட்டால் அதுவும் சடைதான். ஈரத்தைப் பிடித்துவைக்கும், மக்கிப் போனால் குப்பையும் இல்லை. ஒரு பருவத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும். பிளாஸ்டிக் கயிறு வேண்டாம். கயிறு குழாயை அடைக்கும் அளவுக்குப் பருமனாக இருக்கக் கூடாது. அடைத்தால் வெள்ளம் சாலைக்கு ஏறும், பிறகு ஊர் நம்மை விடாது.

செங்குத்துக் கலுங்குக்கு இது போதாது. அங்கே ஓர் ஓரத்தில் மட்டும் பழைய கல்லை அடுக்கிச் சாய்வு செய்ய வேண்டும். ஊராட்சியின் அனுமதியோடு.

22 செப்டம்பர் 2024

விலாங்கு தின்றால் மூலம் போகும் என்று சந்தையில் கூவி விற்கிறார்களாம், கருத்துக் கேட்கிறார்கள். மூலத்துக்கு மருத்துவர் சொல்வது நார்ச்சத்தும் தண்ணீரும். விலாங்கைத் தேடிப் பிடிக்க வேண்டாம். அதன் பச்சை இரத்தத்தில் நச்சுப் புரதம் இருக்கிறது, கண்ணிலோ புண்ணிலோ பட்டால் எரியும். நன்றாக வேக வைத்தால் அந்த நச்சு அழிந்துவிடும், அதனால்தான் முதலில் கேட்டவரின் குழம்பு யாரையும் ஒன்றும் செய்யவில்லை.

3 நவம்பர் 2024

தீபாவளி முடிந்து கை ஓய்ந்தது. வேட்டங்குடி சரணாலயத்துப் பக்கம் வழக்கம்போல வெடிச் சத்தமில்லாமல் முடிந்திருக்கிறது. கொள்ளுக்குடிப்பட்டியில் கண்மாய்க்கு வரும் பறவைக்காகத் தலைமுறையாகப் பட்டாசை விட்டுவிட்டார்கள். அரசு 1977-ல் சரணாலயம் என்று அறிவிப்பதற்கு முன்பே இருந்த வழக்கம் அது. விலாங்குக்காக ஊர் மனம் இரங்குமா என்று கேட்பவர்கள் அங்கே போய்ப் பாருங்கள். பறவை கண்ணுக்குத் தெரிகிறது, விலாங்கு தெரிவதில்லை, வித்தியாசம் அவ்வளவுதான்.

கல்லல் அண்ணன் நேற்றுத் தொலைபேசியில் பேசினார். வலையை இந்த ஆண்டும் கட்டுகிறார். வலையின் ஒரு மூலையில், தரையை ஒட்டி, ஒரு தூரி (உள்ளே போன மீன் வெளியே வர முடியாத கூடைப் பொறி) வைக்கச் சம்மதித்திருக்கிறார். விலாங்கு தரையை ஒட்டியே வரும், தூரிக்குள் போகும், காலையில் எடுக்கலாம். வலையில் முட்டிக் காயப்படுவதும் குறையும். இது அவருடைய யோசனை, என்னுடையது இல்லை. தண்ணீரில் ஆயுள் கழித்தவருக்குத் தெரிவது எனக்கு எங்கே தெரியும்?

1 டிசம்பர் 2024

மழை நின்று பெய்கிறது. இரவில் யாரும் கலுங்குப் பக்கம் தனியாகப் போகாதீர்கள். விலாங்கு முக்கியம், உங்கள் உயிர் அதைவிட முக்கியம். காலையில் தண்ணீர் தணிந்த பிறகு பார்த்தால் போதும்.

தூரியில் கிடைத்தால்: கண் பெரிதாக, வயிறு வெள்ளியாக இருந்தால் மட்டும் கடலோரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வயிறு மஞ்சளாக இருந்தால் அது இன்னும் வளர வேண்டிய மீன், கண்மாயிலேயே விட்டுவிடுங்கள். இந்த வேறுபாடு தெரியாமல் எல்லாவற்றையும் கொண்டுபோனால் பயனில்லை. விடும் இடம் உப்பும் நன்னீரும் கலக்கும் முகத்துவாரமாக இருக்கட்டும், மாலை இருட்டிய பிறகு.

அடுத்த மீன்பாசி ஏலத்துக்கு முன் ஊராட்சியில் கொடுக்க ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன். ஏல நிபந்தனைகளில் இதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்போம்: "கலுங்கில் வலையோ சல்லடையோ கட்டும் குத்தகைதாரர், ஐப்பசி முதல் தை வரை அதன் அடியில் ஒரு தூரி வைத்து, அதில் சேரும் முதிர்ந்த விலாங்குகளை உயிரோடு ஊராட்சி குறிப்பிடும் நபரிடம் ஒப்படைக்க வேண்டும்." ஒப்படைத்ததற்கு ஏலத்தொகையில் கழிவு கொடுக்கலாமா என்று கல்லல் அண்ணன் கேட்கிறார். கேட்பது சரிதான். ஊராட்சிக் கணக்கு தெரிந்தவர்கள் அதற்குக் கணக்கில் இடம் உண்டா என்று சொல்லுங்கள், மனுவில் அடுத்த வரியாகச் சேர்த்துவிடுகிறேன்.